மாடி ஏறிய ‘ள’

“என்னங்க, முற்றுப்புள்ளியைக் காணோம்!”

சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியை அப்படியே போட்டுவிட்டு மனைவியின் அறைக்கு ஓடினார்.

“காணாம எங்க போகும்? மேல்மாடில வச்சிருக்கேன். இடது கட்டைவிரலை அழுத்து, மாடி மாறும். அப்புறம் வலது மோதிர விரல்.”

“ஒரு வாக்கியம் முடிக்க மாடி ஏறி இறங்கணுமா?”

முப்பத்தெட்டு வருஷம் லிஃப்ட் பழுதுபார்த்து, மூன்று மாதம் முன்பு ஓய்வு பெற்றவர் அவர். குடியிருப்பில் எல்லோருக்கும் ‘லிஃப்ட்காரர்’. மனைவி மொழிபெயர்ப்பாளர். தடிமனான சரித்திர நாவல் ஒன்றைத் தமிழில் பெயர்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் மணிக்கட்டு வலிக்கிறது என்றாள். அடுத்த வாரம், எங்கோ படம் பார்த்து அவளே வரவழைத்த புதுக் கீபோர்டு வீடு வந்து சேர்ந்தது.

உள்ளங்கை அகலத்தில் இரண்டு துண்டு, நடுவே ஒரு வயர். மொத்தமே முப்பத்தாறு பட்டன். எந்தப் பட்டனில் எந்த எழுத்து என்பதை நாமே கணினியில் மாற்றி அமைத்துக்கொள்ளலாம். இடம் கிடைக்காத எழுத்துகளை அடுக்கடுக்காக மேலே வைத்துக்கொண்டு, வேண்டும்போது ஒரு பட்டனை அழுத்தி அந்த அடுக்குக்குப் போகவேண்டும்.

“அடுக்கு என்ன அடுக்கு, மாடின்னு சொல்லு. இது நம்ம தொழிலாச்சே!” என்று அன்றே அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

முற்றுப்புள்ளியைக் கீழ்த்தளத்துக்கு இறக்கினார். அதற்கு இடம்விட்டு ‘ள’ மாடி ஏறியது.

மறுநாள் காலை மனைவி கூப்பிட்டுக் காட்டினாள். நாவலின் தளபதி எதிரியை முறைத்துப் பார்த்து, ‘வாலை உருவினான்’.

“மாடி ஏற மறந்துட்டேங்க. அவசரத்துல ‘ல’ விழுந்துடுச்சு.”

“விடு. ‘ல’வும் ‘ள’வும் ஒரே பட்டன்ல இருக்கட்டும். தட்டினா ‘ல’, கொஞ்சம் அழுத்திப் பிடிச்சா ‘ள’.”

அது இன்னும் மோசம். அவள் பட்டனில் விரலை வைத்தபடி யோசிக்கிற ரகம். யோசித்த இடமெல்லாம் ‘ள’ விழுந்தது. இளவரசி பல் தேய்க்கப் போய், பள் தேய்த்தாள்.

“யோசிக்காம எழுத முடியாதா உன்னால?” என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் கோபப்படவில்லை. அதுதான் அவருக்கு ஆச்சரியம். உப்பு ஒரு சிட்டிகை கூடினாலே தட்டை நகர்த்தி வைப்பவள், “நீங்க பாத்துச் சரிபண்ணிடுவீங்க” என்று சிரித்தாள். நேற்று வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தவள், இன்று இடதைத் தேய்த்துக்கொண்டாள். ஐயோ, வலி இரண்டு கைக்கும் பரவிவிட்டதே என்று அவர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

சுண்டுவிரலுக்கு ஓய்வு கொடுக்கலாமென்று, அழிக்கும் பட்டனைக் கட்டைவிரலுக்கு மாற்றினார். பக்கத்திலேயே இடைவெளிப் பட்டன். விரல் கொஞ்சம் தடம் மாறினால் போதும், எழுதியதை அதுவே தின்றது. தளபதி இளவரசியிடம் மனத்தைத் திறந்த அரைப் பக்கம் அப்படித்தான் போயிற்று.

“கெடுவுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருக்கு” என்றாள் மனைவி.

லிஃப்ட்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சாப்பிடும்போதுகூட மேசைமேல் பத்து விரலும் தாளம் போட்டன.

அவள் கடைக்குப் போயிருந்த நேரம், கடைசியாக ஒரு யோசனை தோன்றியது. இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து அழுத்தினால் மின்னஞ்சல் போகும்படி அமைத்தார். பன்னிரண்டாம் அத்தியாயத்தை ஒரு கடிதத்தில் ஒட்டினார். சோதனைக்காக அடியில், ‘கண்ணே, கை வலி தேவலையா?’ என்று நான்கு முறை அடித்தார். தன் முகவரிக்கே அனுப்பிப் பார்க்க முதல் எழுத்தைத் தட்டினார். மீதியைக் கணினியே நிரப்பிக்கொண்டது. பார்க்காமல் அழுத்தினார்.

கடிதம் போயிற்று. பதிப்பகத்துக்கு.

உருவிய வால், தேய்த்த பள், நான்கு கண்ணே. எல்லாமே!

சட்டையை மாற்றிக்கொண்டு ஓடினார். பதிப்பகம் மூன்றாவது மாடி. லிஃப்ட் கதவு முனகிய முனகலில் உருளை தேய்ந்திருப்பது புரிந்தது. அதற்குக்கூட அவர் நிற்கவில்லை.

பதிப்பாசிரியை, அடுக்கிய காகிதங்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் சிவந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரையில் அவர் அனுப்பிய கடிதம்.

“நான் அவங்க வீட்டுக்காரர்மா. அந்தத் தப்பெல்லாம் என்னோடது. அவ எழுத்துல ஒரு புள்ளிகூட பிசகாது. கை வலியோட உக்காந்து எழுதறா, நான் உதவறேன்னு பண்ணினதெல்லாம் உபத்திரவமாப் போச்சு. புத்தகத்தை மட்டும் அவகிட்டேருந்து பிடுங்கிடாதீங்க. பழைய கீபோர்டையே மாட்டிக் கொடுத்துடறேன். பத்து நாள், பத்தே நாள் கெடு தள்ளிக் கொடுங்க.”

பதிப்பாசிரியை கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, எதிர் நாற்காலியைக் காட்டினாள்.

“முதல்ல உக்காருங்க சார். அந்தப் புத்தகம் போன மாசமே அச்சுக்குப் போயிடுச்சு; ‘ரிட்டயரானதிலேருந்து மனுஷன் சுவரையே பாத்துட்டு இருக்கார், பிரிச்சு மாட்ட ஒரு வேலை கொடுத்து வச்சிருக்கேன், அவர் கேட்டா கெடு இன்னும் முடியலைன்னு சொல்லிடு’ன்னு மேடம் அவ்வளவு சொல்லியும், நான் உளறிட்டேனே!”