துடுப்பு தொடாத கேப்டன்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. தரையில் வைத்துப் பார்த்தால் அடையாளம் தெரியாது. நம்மைப் போலவே பல் தேய்த்து, பஸ் பிடித்து, ஆபீசில் கொட்டாவி விட்டுக் காலம் தள்ளும். ஒரு படகில் ஏற்றிப் பாருங்கள். மற்றவர்கள் துடுப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே இது நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்து, தொப்பியைச் சரிசெய்து, ஒரு கையை நீட்டி, "அந்தப் பக்கம்" என்று சொல்லிவிடும். அவ்வளவுதான். கேப்டன் பிறந்துவிட்டார். யார் நியமித்தார்கள் என்று கேட்காதீர்கள். கொசுவை யார் நியமித்தார்கள்?

இந்த இனத்துக்கென்றே இப்போது ஒரு விளையாட்டு வந்திருக்கிறது. முகம் தெரியாத யாரோ ஒருவர் ஆற்றோரத்தில் ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, அது இருக்கும் இடத்தையும் ஒரு குறிப்பையும் இணையத்தில் போட்டுவிடுவார். நாம் போனைப் பார்த்தபடி படகில் போய்த் தேட வேண்டும். கிடைத்தால் உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதலாம். டப்பாவிலிருந்து ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு நம்முடையது ஒன்றை வைக்கலாம். பிறகு அடுத்து வருபவருக்காக டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். இதற்குப் புதையல் வேட்டை என்று பெயர். உள்ளே இருப்பதென்னவோ சாவிக்கொத்து, கோலிக்குண்டு, பல் போன சீப்பு.

எனக்குத் தெரிந்த கேப்டன் ஓர் இன்சூரன்ஸ் ஆபீசின் மேலாளர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தன் மனைவி, மனைவியின் தங்கை, அந்தத் தங்கையின் புதுக்கணவரான பல் டாக்டர் ஆகியோரை வாடகைப் படகில் ஏற்றினார். புதுச் சகலையோடு முதல் பயணம். ஆகவே இது விளையாட்டில்லை, மானப் பிரச்சினை. டப்பா கிடைத்தால் இனிமேல் எல்லா விருந்திலும் அவர்தான் மூத்த மாப்பிள்ளை. கிடைக்காவிட்டால் வயதில் மட்டும் மூத்தவர்.

மூன்று பேரும் ஆளுக்கொரு துடுப்பை எடுத்து, ஓட்டத்தை எதிர்த்து வலிக்க ஆரம்பித்தார்கள். கேப்டன் போனை எடுத்தார்.

"அத்தான், நீங்களும் ஒரு துடுப்பு பிடிக்கலாமே?" என்றாள் மச்சினி.

"நான் அதைப் பிடிச்சா திசையை யார் பாக்கிறது?"

ஒரே ஓர் ஆறு. போனால் மேலே போகலாம், வந்தால் கீழே வரலாம். இதில் பார்ப்பதற்கு எவ்வளவு திசை இருக்கிறது என்று அவளும் கேட்கவில்லை. புதுக்கணவர் பக்கத்தில் இருக்கிறாரே.

குறிப்பு இதுதான்: 'வலக்கரை. தலை குனிந்தால் தெரியும்.'

ஆறு குறுகி, இரு கரை மரங்களும் மேலே ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும் இடம் வந்தது. மனைவி துடுப்பை நிறுத்தினாள்.

"என்னங்க, இடது பக்கம் பாருங்க. அந்த உடைஞ்ச படகுத்துறைக்கு அடியில பச்சையா ஏதோ சொருகி வச்ச மாதிரி இருக்கு."

கேப்டன் திரும்பவில்லை. "வலக்கரைன்னு தெளிவா போட்டிருக்கு. உனக்கு எப்பவுமே வலது எது, இடது எதுன்னு குழப்பம்."

"எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. டப்பா அங்க இருக்கு."

"அது குப்பை."

போன்கூட ஒருமுறை அந்தப் படகுத்துறையைக் காட்டியது. "மரத்தடியில சிக்னல் தடுமாறும்" என்று அதையும் அடக்கிவைத்தார். பிறகு வலது கைப்பக்கக் கரையில் படகை நிறுத்தச் சொல்லி, சகலையோடு இறங்கினார். முள்புதருக்குள் கை விட ஒருவர் வேண்டும், எங்கே விட வேண்டும் என்று சொல்ல ஒருவர் வேண்டும். யார் எந்த வேலையை எடுத்துக்கொண்டார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அவர்கள் தலை புதருக்குள் மறைந்ததும் அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சத்தமில்லாமல் படகை எதிர்க்கரைக்குத் தள்ளினார்கள். படகுத்துறைப் பலகைக்கு அடியில் மனைவி கை விட்டாள். வந்தது பச்சை டப்பா.

"பேரை எழுதுக்கா!"

"பேனா அவர் சட்டைப்பையிலதான் இருக்கு."

உள்ளேயிருந்து ஒரு பொம்மைத் திசைகாட்டியை எடுத்துக்கொண்டாள். பதிலுக்கு வைக்கக் கையில் ஒன்றும் இல்லாததால், தலையிலிருந்த நீலக் கிளிப்பைக் கழற்றி வைத்து, டப்பாவை மூடிப் பழைய இடத்திலேயே சொருகினாள்.

"அத்தானைக் கூப்பிடட்டுமா?"

"வேணாம்டி. நான் கண்டுபிடிச்சேன்னு தெரிஞ்சா அந்த மூஞ்சியை வீடு வரைக்கும் யார் பாக்கிறது? ஒரு வாரத்துக்குச் சாப்பாட்டுல உப்பு இல்லைம்பார், இல்லைன்னா அதிகம்பார்."

திரும்பிப் போய் இருவரையும் ஏற்றிக்கொண்டார்கள். டாக்டரின் கையெல்லாம் கீறல். கேப்டனின் தொப்பியில் ஓர் இலை. ஏறியதும் ஏறாததுமாக மனைவியைப் பார்த்தார்.

"ஏன் இப்படித் தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டிருக்கே? ஒரு கிளிப் போட்டுக்கிட்டு வரக் கூடாதா?"

"போட்டுக்கிட்டுத்தான் வந்தேன்."

"அப்ப தொலைச்சிருப்பே."

"ஆமாங்க. நீங்க கண்டுபிடிச்சுத் தருவீங்கன்னு இருக்கேன்."

டாக்டர் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார். "அண்ணே, ஒரு சந்தேகம். ஆத்துக்கு வலக்கரைன்னா, தண்ணி போற பக்கம் பாத்து நின்னு சொல்றதாச்சே? நாம எதிர்த்துல்ல வந்திருக்கோம்?"

நீங்களும் நானுமாக இருந்தால் அசடு வழிந்திருப்போம். கேப்டன் இனத்துக்கு அந்தச் சுரப்பியே கிடையாது.

"நீங்களா சொல்றீங்களான்னுதான் பாத்தேன், சகலை. பரவாயில்லை, பிடிச்சுட்டீங்க."

படகை எதிர்க்கரைக்கு விடச் சொல்லி, படகுத்துறையில் ஏறி நின்று மேலே தேடினார், பக்கவாட்டில் தேடினார், தூண்களைத் தட்டிப் பார்த்தார். குனியத்தான் இல்லை. கடைசியில் காற்றுக்குத் தொப்பி பறந்து பலகை விளிம்பில் தொங்க, அதைப் பிடிக்கக் குனிந்தார். டப்பா தெரிந்தது.

"நான் அப்பவே நினைச்சேன்!"

தாளில் தன் பெயரைப் பெரிதாக எழுதி, பக்கத்தில் 'மற்றும் குழுவினர்' என்று போட்டார். பதில் பொருளாகத் தன் விசிட்டிங் கார்டை வைத்தார். பிறகு புதையலைக் கிளறி, ஒன்றை எடுத்துத் தூக்கிக் காட்டினார். நீலக் கிளிப்.

"பாத்தியா? உனக்குன்னே யாரோ வச்ச மாதிரி! இந்தா. இதையாவது தொலைக்காம வச்சுக்கோ."

மனைவி வாங்கிக் கூந்தலில் செருகிக்கொண்டாள்.

"அளவெடுத்த மாதிரி இருக்குக்கா" என்று சொல்லிவிட்டு மச்சினி அவசரமாகத் தண்ணீரில் மீன் பார்க்கக் குனிந்தாள். டாக்டர் அந்தக் கிளிப்பைப் பார்த்தார். குலுங்கும் தன் மனைவியின் தோளைப் பார்த்தார். நாளெல்லாம் ஊரை வாய் திறக்கச் சொல்கிற மனிதர், தன் வாயை இறுக மூடிக்கொண்டார். நன்றாகக் குடும்பம் நடத்துவார்.

இப்போதும் வீட்டுக்கு யாராவது வந்தால் கேப்டன் மனைவியைக் கூப்பிட்டு, தலையைத் திருப்பச் சொல்லி, அந்தக் கிளிப்பை ஆதாரமாகக் காட்டுகிறார். அவளும் திரும்பி நிற்கிறாள். சமையலறை ஜன்னலில் ஒரு பொம்மைத் திசைகாட்டி இருக்கிறது. எப்படித் திருப்பினாலும் முள் ஒரே பக்கத்தைத்தான் காட்டும். அது எங்கிருந்து வந்தது என்று அவர் இன்றுவரை கேட்கவில்லை.

சிரித்தீர்கள், சரி. படகில் காலே வைத்ததில்லை, எனக்கென்ன என்கிறீர்களா? படகு எதற்கு? நாலு பேர் பீரோவை நகர்த்தும்போது கதவோரம் நின்று "கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி" என்று சொல்ல ஓர் அடி இடம் போதாதா? ஒரே ஒரு சோதனை வைக்கிறேன். உங்கள் வீட்டில், பக்கத்து அறையில் வேலையாக இருப்பவர் இன்று தலையில் போட்டிருக்கும் கிளிப் என்ன நிறம்? எட்டிப் பார்க்காமல் சொல்ல வேண்டும்.

அட, எங்கே எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள், கேப்டன்.