கருப்பு வெள்ளையில் லூர்துராஜ்

தன் படத்துக்கு மாலை போட்டிருப்பதை லூர்துராஜ் பால் வாங்கப் போன இடத்தில்தான் பார்த்தார்.

விளாங்குடி பேருந்து நிறுத்தம், சனிக்கிழமை சாயங்காலம். டீக்கடைக்கு எதிரே ஆளுயரத்துக்கு ஒரு பிளக்ஸ் நின்றது. கன்னங்கரேலென்ற பின்னணி. நடுவில் கருப்பு வெள்ளையில் அவர் முகம். கீழே பெரிய எழுத்தில் 'ஆ. லூர்துராஜ்'. அதற்குக் கீழே 'நான் இல்லாத அலுவலகம்'. அதற்கும் கீழே, ஞாயிறு காலை பத்தரை மணி என்று போட்டு ஒரு கல்லூரி அரங்கத்தின் பெயர். மூலையில் இருந்த கருத்தரங்குச் சின்னத்தைச் செவந்தி மாலை முழுசாக மறைத்துவிட்டது. தரையில் யாரோ வாழைப்பழத்தில் ஊதுபத்தி செருகி வைத்திருந்தார்கள்.

மதுரையில் கலர் பிளக்ஸ் என்றால் கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள், கட்சிப் பதவி என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம். கருப்பு வெள்ளை என்றால் ஒன்றே ஒன்றுதான். அதை யாரும் நின்று படிக்க மாட்டார்கள். வண்டியில் போகிற போக்கில் 'உச்' கொட்டிவிட்டுப் போவார்கள்.

லூர்துராஜ் பால் பையைக் கீழே வைத்துவிட்டு மாலையைக் கழற்றப் போனார்.

"அண்ணே! அண்ணே! மாலையில கைய வைக்காதீங்க!" ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து சிவபாண்டி ஓடிவந்தார். மாலை அவர் உபயம்தான்.

"இது நான்தாங்க."

சிவபாண்டி படத்தைப் பார்த்தார். லூர்துராஜைப் பார்த்தார். படத்தில் தலை கொள்ளாமல் முடி இருந்தது. கல்யாணமான புதிதில் எடுத்த படம். மேடைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று கருத்தரங்குக்காரர்களுக்கு லூர்துராஜே தேடி எடுத்துக் கொடுத்தது.

"முகம் அப்பிடியே ஒங்க ஜாடைதாண்ணே. அண்ணன் நீங்க இருக்கையில தம்பி போயிட்டாரே! மனசத் தேத்திக்கங்க."

"தம்பி இல்லப்பா. நானேதான் லூர்துராஜ்."

"துக்கத்துல இப்பிடித்தான் பேச வரும்," என்று சிவபாண்டி மற்றவர்களிடம் சொன்னார். "ஏப்பா, அண்ணன வண்டியில ஏத்து. கேத வீட்டுக்காரரப் பாலத் தூக்கிக்கிட்டு நடக்கவா விடுறது?"

நாலு பேர் சேர்ந்து அவரை ஆட்டோவில் ஏற்றினார்கள். ஒருவர் முதுகைத் தடவிக்கொண்டே வந்தார்.

லூர்துராஜ் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமை எழுத்தர். அலுவலகத்துக்குக் கணினி வந்த பிறகு நடந்த கூத்துகளை அவர் குரலில் பதிவு செய்து நண்பருக்கு அனுப்பியது எங்கெங்கோ சுற்றி, பவதாரிணி என்ற பெண்ணின் காதுக்குப் போனது. தொழில்நுட்பம், சமூகம், படைப்பாற்றல் என்று ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம் பேசுகிற கருத்தரங்கை மதுரையில் நடத்துகிறவள் அவள்தான். தலைமையிடம் பெங்களூர். நீங்களும் பேசுங்கள் சார் என்றாள். பேச்சுக்கு அவர் வைத்த தலைப்புதான் 'நான் இல்லாத அலுவலகம்'. கூடவே ஒரு நிபந்தனையும் போட்டாள். அவர் பேச்சைக் கேட்க நூறு பேராவது உட்கார்ந்திருந்தால்தான் அது மேடையேறும். இல்லாவிட்டால் அந்தப் பன்னிரண்டு நிமிடமும், கண்ணைக் கட்டிக்கொண்டு பரோட்டா வீசுகிற ஒருவருக்குப் போய்விடும். அவருக்கு இணையத்தில் லட்சக்கணக்கில் ரசிகர்கள்.

லூர்துராஜ் ஒரு மாதமாக எல்லோரையும் கூப்பிட்டுப் பார்த்தார். டி. கல்லுப்பட்டியில் இருக்கும் மைத்துனன் ஆல்பின், "ஆட்டுக்கு ஊசி போடணும் அத்தான்," என்றான். தலைமையாசிரியை, "பாக்கலாம் சார்," என்றார். மனைவி சகாயமேரி மட்டும் உண்மையைச் சொன்னாள்.

"ஒங்க பேச்ச யாருங்க கேப்பா? இருவத்தஞ்சு வருசமா நான் ஒருத்தி கேக்குறேன். அதுவும் அடுப்பப் பாத்துத் திரும்பி நின்னுக்கிட்டுத்தான்."

இதுவரை அவர் பேசி யாரும் கைதட்டியதில்லை. பள்ளி ஆண்டு விழாவில் நன்றியுரை அவர்தான் சொல்வார். ஆனால் அதற்குள் நாற்காலிகளை மடக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது சகாயமேரி போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆமாக்கா... நாளைக்குத்தான்... பத்தரைக்கு... வீட்டுக்கு வர வேணாம், நேரா ஹாலுக்கு வந்துருங்க... ஆமா, எல்லாரையும் கூட்டிட்டு வாங்க." போனை வைத்தாள். மறுபடி அடித்தது. அதிலும் இதையே சொல்லி வைத்தாள்.

"யாரு?"

"கல்லுப்பட்டி பெரியம்மா. பஸ் ஸ்டாண்டுல பிளக்ஸ் பாத்தாகளாம்."

"கல்லுப்பட்டியிலயுமா? நான் உயிரோட இருக்கேன்னு சொல்ல வேண்டியதுதான?"

"அவங்க கேக்கலையே," என்றாள் சகாயமேரி.

லூர்துராஜுக்கு ரத்தம் கொதித்தது. பிளக்ஸ் கடை ஷாகிருக்குப் போன் போட்டார்.

"ஏன்டா, என்னையப் பாடையில ஏத்திட்டியே! பெங்களூர்க்காரங்களுக்கு நம்ம ஊரு வழக்கம் தெரியாது. ஒனக்குமா தெரியாது?"

ஷாகிர் குரலைத் தாழ்த்தினான். "அது வந்துண்ணே... வந்த ஆர்டர அப்பிடியே அடிச்சேன். அக்கா பக்கத்துல இருக்காங்களா?"

"அவ எதுக்குடா? எத்தன எடத்துல வச்ச?"

"மூணுண்ணே. விளாங்குடி, ஒங்க ஸ்கூல் வாசல், கல்லுப்பட்டி."

"எல்லாத்தையும் மாத்து!"

"மிஷினு ஓடிக்கிட்டு இருக்குண்ணே, நாளைக்குக் கல்யாண முகூர்த்தம். வேணும்னா சின்னதா ஒரு வரி அடிச்சு அடியில ஒட்டி விடுறேன். ஆளு இருக்காருன்னு தெரியுற மாதிரி."

"செய்யி. ஒடனே செய்யி."

அடுத்ததாக வாட்ஸ்அப். 'நான் நலமாக இருக்கிறேன்' என்று பள்ளிக் குழுவில் போட்டார். அதற்கு மேலே ஏற்கெனவே கும்பிடு போட்ட கைகளும் கண்ணீர்த் துளிகளும் வரிசையாக நின்றன. அவர் போட்ட பிறகும் நிற்கவில்லை. மேலே இருப்பதைப் படிக்காமல் கும்பிடு போடுவதுதான் அந்தக் குழுவின் பழக்கம். ஓர் ஆசிரியை மட்டும் படித்திருந்தாள். 'ஆம் சார். இறைவனிடத்தில் நலமாக இருங்கள்' என்று எழுதினாள்.

முகத்தைக் காட்டினால்தான் சரிப்படும் என்று ஆல்பினை வீடியோவில் கூப்பிட்டார். ஆல்பின் எடுத்தான். லூர்துராஜ், "மாப்ள, நான்..." என்று வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து சிக்னல் போய்விட்டது. கண் பாதி மூடி, வாய் பாதி திறந்து, அவர் முகம் அப்படியே உறைந்து நின்றது. ஆல்பின் அழுதுகொண்டே அதைப் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டான். 'அத்தானின் கடைசி முகம்.'

அந்தப் படத்தைப் பார்த்து லூர்துராஜே கொஞ்சம் கலங்கிவிட்டார்.

அப்போது பவதாரிணி கூப்பிட்டாள். "சார், ஒங்க பேருல ரெண்டு பேர்தான் ரெஜிஸ்டர் பண்ணிருக்காங்க. ஒண்ணு நீங்க. இன்னொண்ணு ஒங்க மிஸஸ். பரோட்டா சாருக்கு மாவு பெசையச் சொல்லிரவா?"

"காலையில பாப்போம்மா," என்றார் லூர்துராஜ். செத்தும் தனக்கு இரண்டு பேர்தானா என்றிருந்தது.

காலையில் கிளம்பும்போது சகாயமேரி, "பின்வாசல் வழியாப் போங்க. ஒங்க பேரக் கூப்புடுற வரைக்கும் யாரு கண்ணுலயும் படாதீங்க," என்றாள்.

"ஏன்?"

"கண்ணு பட்டுரும்."

ஆட்டோவுக்கு நின்றபோது பிளக்ஸைப் பார்த்தார். ஷாகிர் சொன்னபடி ஒரு வரி ஒட்டியிருந்தான். சிவப்பு எழுத்தில், 'நேரில் வருகிறார்'.

சிவபாண்டி வண்டியைக் கிளப்பவே மறந்து உட்கார்ந்திருந்தார். "தம்பி நேர்ல வாராராம்ணே," என்றார் மெதுவாக. "ஆவியாவா வாராரு? ஸ்டாண்டுல அம்புட்டுப் பேரும் ஒருக்கா பாத்துருவோம்னு வாராங்க. நான் கொட்டுக்கும் சொல்லிட்டேன்."

லூர்துராஜ் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். சொல்லிப் பயனில்லை என்று நேற்றே தெரிந்துவிட்டது.

பின்வாசல் வழியாகப் போய்த் திரையை விலக்கிப் பார்த்தவருக்கு மூச்சு நின்றுவிட்டது. அரங்கம் பிதுங்கியது. கல்லுப்பட்டிச் சனம் ஒரு வேனிலும் ஒரு லாரியிலும் வந்து இறங்கியிருந்தது. பள்ளிக்கூடம் மொத்தமும் கருப்புப் பட்டை குத்திக்கொண்டு வந்திருந்தது. ஆட்டோ ஸ்டாண்டு கடைசி வரிசையில் கொட்டோடு நின்றது. துக்கத்துக்கு யார் இணையத்தில் பதிவு செய்துவிட்டு வருவார்கள்?

பவதாரிணி துள்ளிக் குதித்தாள். "சார்! நிக்க எடமில்ல! நூறு என்ன, ஐந்நூறு இருக்கும் சார்! எல்லாம் ஒங்க பேரத்தான் சொல்றாங்க. ஒரு அம்மா ஒங்க பேரச் சொல்லி அழுவுறாங்க. இப்பிடி ஒரு ரசிகர் கூட்டத்த நான் பாத்ததே இல்ல!"

லூர்துராஜின் பேச்சு கடைசியில். அதற்கு முன்னால் பேசியவர்கள் பாடு பெரும்பாடாகிவிட்டது. சென்னையிலிருந்து வந்த இளைஞன் வரிசையாக ஜோக் சொன்னான். ஐந்நூறு பேர் தலையைக் குனிந்து கேட்டார்கள். "இன்னும் பத்தே வருஷத்துல..." என்று அவன் கையை உயர்த்தியபோது, "பத்து வருசம் இருந்துருக்கலாமே ராசா!" என்று பெரியம்மா ஓங்கிக் குரலெடுத்தார். அதைக் கேட்டுக் கொட்டுக்காரர் ஒருமுறை தட்டினார். இளைஞன் கும்பிட்டுவிட்டு இறங்கினான். அடுத்தவர், 'தோல்வியைக் கொண்டாடுவோம்' என்ற தலைப்பையே சொல்லாமல் பாதியில் முடித்துக்கொண்டார்.

"அடுத்து, லூர்துராஜ்!" என்றாள் பவதாரிணி.

அரங்கமே எழுந்து நின்றது. சவப்பெட்டி வரப்போகிறது என்று நினைத்தார்கள். லூர்துராஜ் நடந்து வந்து சிவப்பு வட்டக் கம்பளத்தின் மேல் நின்றார்.

ஆல்பின் "அத்தான்!" என்று கத்தினான். பெரியம்மா அப்படியே நாற்காலியில் சாய்ந்தார். சிவபாண்டி, "ஏப்பா, தம்பி எங்கப்பா?" என்றார்.

பிறகு ஐந்நூறு பேரும் அவரைப் பார்த்தார்கள். ஒருவர் கையிலும் போன் இல்லை. லூர்துராஜுக்கு ஒரு மாதமாக மனப்பாடம் செய்த முதல் வரிதான் வாயில் வந்தது.

"நண்பர்களே, நான் இல்லைன்னு ஒரு நிமிஷம் நெனச்சுக்கங்க."

"நேத்துலருந்து அதத்தாண்டா நெனச்சுக்கிட்டு இருக்கோம், பாவிப்பயலே!" என்றார் பெரியம்மா, மயக்கம் தெளிந்து.

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு வரிசை வரிசையாகச் சிரிப்பு ஓடியது. அதற்குமேல் லூர்துராஜை யாராலும் நிறுத்த முடியவில்லை. விரலை வைத்தால் வருகை பதிகிற இயந்திரம் பள்ளிக்கு வந்த கதையைச் சொன்னார். சாக்பீஸ் பிடித்துப் பிடித்து ரேகை தேய்ந்துபோன கணக்கு வாத்தியாரின் விரலை அது ஏற்கவே இல்லை. மனுசன் முன்னால் நிற்கிறார். 'ஆள் இல்லை' என்கிறது இயந்திரம்.

"நான் நிக்கிறேன்னு அவரு சொல்றாரு. இல்லைங்குது. பாருங்க, பேசுறேனே, மூச்சு விடுறேனேங்குறாரு. அப்பவும் இல்லைங்குது. நேத்து சாயங்காலத்துலருந்து எனக்கும் அதே கததான்!"

சிரித்தவர்களே கண்ணையும் துடைத்தார்கள். பன்னிரண்டு நிமிடம் முடிந்து மணி அடித்தபோது கைதட்டல் கூரையைத் தூக்கியது. கொட்டும் சேர்ந்துகொண்டது, இந்த முறை கல்யாண அடி. சவத்துக்கென்று கொண்டுவந்த மாலைகளையெல்லாம் வீணாக்காமல் அவர் கழுத்திலேயே போட்டார்கள். "நாளைக்கே அந்த மெஷினக் கழட்டிரலாம் சார்," என்றார் தலைமையாசிரியை, கருப்புப் பட்டையை மறைத்துக்கொண்டே. பரோட்டாக்காரர் கண்கட்டை அவிழ்த்து, யாருக்கு இத்தனை கைதட்டல் என்று பார்த்தார்.

மாலைகளுக்கு மேலே மூக்கு மட்டும் தெரிய, லூர்துராஜ் மனைவியிடம் வந்தார். "பாத்தியா மேரி? என் பேச்ச யாரு கேப்பான்னியே!"

"தெரியாமச் சொல்லிட்டேங்க," என்றாள் சகாயமேரி. அவள் கண் கலங்கியிருந்தது.

அந்த நேரம் ஷாகிர், கழற்றிய பிளக்ஸைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கி வந்தான். லூர்துராஜ் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"திட்டிட்டேன்டா தம்பி, மனசுல வச்சுக்காத. பெங்களூர்க்காரங்க விவரம் தெரியாமச் செஞ்ச தப்பு எனக்கு எம்புட்டு நல்லதாப் போச்சு பாத்தியா?"

ஷாகிர் சகாயமேரியைப் பார்த்தான். அவள் மின்விசிறியைப் பார்த்தாள்.

"பெங்களூர்ல இருந்து ஒரு பிளக்ஸுக்குத்தாண்ணே சொன்னாங்க, அதுவும் கலர்ல," என்றான் ஷாகிர். "அக்காதான் கடைக்கே வந்து, 'கலர்ல போட்டா ஒரு பய வர மாட்டான், கருப்பு வெள்ளையில மூணு அடிச்சு வையி தம்பி, அவரு பேசுறத ஊரே உக்காந்து கேக்கட்டும்'னாங்க!"