எடைக்குப் போட்ட விலை

சர்வேயர் தம் ஐம்பத்திரண்டு வயதில் முதல் முறையாக ஒரு தப்பைத் திட்டம் போட்டுச் செய்வதென்று முடிவெடுத்தார். செவ்வாய்க்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது எடுத்த முடிவு. அதுவரை அவர் செய்த தப்பெல்லாம் தானாக நடந்தவை.

அவருக்கும் ஒரு பெயர் இருந்தது, ஆனால் சர்வேயர் என்றால்தான் ஆளைத் தெரியும். எல்லைக்கல் இரண்டு அங்குலம் நகர்ந்திருந்தால்கூட, நகர்த்தியது அண்ணனா தம்பியா என்று பார்க்காமல், பிடுங்கி இடம் மாற்றி நடச் சொல்கிற மனுஷர். அப்பேர்ப்பட்டவர்தான் இப்போது கூடப்பிறந்த அக்காவின் பங்கில் கை வைக்கக் கிளம்பினார்.

பங்கு என்பது நிலமில்லை, நாணயங்கள். அவருடைய அப்பா சினிமா கொட்டகையில் முப்பது வருஷம் டிக்கெட் கொடுத்தவர். கல்லாவில் விநோதமான காசு ஏதாவது வந்து விழுந்தால், தம் பையிலிருந்து ஈடாக வேறொன்றைப் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்வார். ஓய்வு பெற்ற பிறகு ஏலம், சந்தை என்று அலைந்து வாங்கினார். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றும் கண்ணாடித்தாள் வைத்த அட்டைக்குள், மூன்று ஆல்பங்களில். அதில் வருஷ எண் தவறுதலாக ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தடவை பதிந்துவிட்ட ஒரு செப்புக் காசு உண்டு. சர்வேயருக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அதை உள்ளங்கையில் வைத்து, “மூச்சு விடாமப் பாரு” என்றார் அப்பா. அன்றைக்குப் பிடித்த பைத்தியம்.

அப்பா போய் எட்டு மாதம் ஆகிறது. வீட்டை விற்றுப் பங்கு பிரித்தாகிவிட்டது. ஆல்பங்கள்தான் பாக்கி. வரி அலுவலகத்துக்கும் பாகப் பத்திரத்துக்கும் முத்திரை போட்ட மதிப்பீட்டுச் சான்றிதழ் வேண்டும் என்று வக்கீல் சொல்லிவிட்டார். ஆல்பங்களை ஒருவர் எடுத்துக்கொண்டு, சான்றிதழில் உள்ள தொகையில் பாதியை மற்றவருக்குக் கொடுத்துவிட வேண்டியது.

அங்கேதான் சர்வேயருக்குச் சிக்கல். நாணய நிபுணர் வந்து பூதக்கண்ணாடியை வைத்தால் ஒரு பெரிய தொகை சொல்வார். அதில் பாதியைப் புரட்ட அவருக்கு வழியில்லை. வீட்டை விற்று வந்த பங்கு கடனுக்குப் போய்விட்டது, சம்பளம் மகள் படிப்புக்கே சரியாக இருக்கிறது. கடைசியில் எல்லாவற்றையும் விற்க வேண்டியதுதான். அப்பாவின் காசுகள் யாரோ ஒரு வியாபாரியின் மேஜையில் கிடப்பதை நினைத்தாலே அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

“நாணய நிபுணர்கிட்ட போகப் போறதில்ல,” என்றார் மனைவியிடம்.

“பின்னே?”

“நகை மதிப்பீட்டாளர் இருக்காரே, அடகுக்கு வர்ற நகையை உரசி எடை போடுவாரே, அவர்கிட்ட போறேன். அவர்கிட்டயும் அரசாங்க முத்திரை இருக்கு.”

“அவருக்குப் பழைய நாணயத்தைப் பத்தி என்ன தெரியும்?”

“ஒண்ணும் தெரியாது. அதான் போறேன்.”

மனைவி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். தபால் நிலையத்தில் பார்சல் கவுண்டரில் இருபது வருஷமாக உட்கார்ந்திருப்பவள் அவள்.

“எடை போடறது என் பொழப்புங்க. பார்சலுக்குள்ள என்ன இருக்குன்னு தராசுக்குத் தெரியாது.”

“அக்காவுக்கும் தெரியாது. அது போதும்.”

“அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்.”

“கேட்டா என்ன சொல்லுவா? ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்தவ. தும்மினாக்கூட ஸ்பெஷலிஸ்ட்கிட்ட போன்னுவா. நிபுணரைக் கூட்டிட்டு வந்து நிறுத்திடுவா.”

“மாமாவை ஆறு வருஷம் வச்சுப் பார்த்தவங்க.”

“அதையும் இதையும் ஏன் முடிச்சுப் போடறே?”

அவள் மறுபடி வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள். “சரி. உங்க இஷ்டம்,” என்றாள்.

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதே இல்லை. நிலத்தில் விரற்கடை வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிறவர் இதைக் கோட்டை விட்டார்.

நகை மதிப்பீட்டாளர் காசுகளை அட்டையிலிருந்து உருவி, வெள்ளியைத் தனியாக, செம்பைத் தனியாகப் பிரித்துத் தட்டில் கொட்டினார். கொட்டிய சத்தத்தில் சர்வேயருக்கு ஒரு பக்கம் நெஞ்சு வலித்தது. அடுத்து அவர் ஒரு வெள்ளிக் காசைத் தூக்கி உரைகல் பக்கம் கொண்டுபோனார்.

“ஐயோ, உரசாதீங்க!”

“எடைக்குத்தானே சார் போகுது? உரசினா என்ன?”

“அப்பா ஞாபகம்.”

சொன்ன பிறகுதான் அது உண்மை என்று உறைத்தது. அந்தக் கடையில் அன்று அவர் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை.

சான்றிதழ் வந்தது. இவ்வளவு கிராம் வெள்ளி, இவ்வளவு கிராம் செம்பு, கழிவு போக மொத்தம் இவ்வளவு. அந்தத் தொகைக்கு ஒரு சைக்கிள் வாங்கலாம். பூட்டு வாங்கக் கையிலிருந்து போட வேண்டியிருக்கும்.

வீட்டில் மனைவி அதை வாங்கி இரண்டு தரம் படித்தாள். “தொலைஞ்சு கிலைஞ்சு போச்சுன்னா? ஒரு நகல் எடுத்து வைக்கிறேன்,” என்றாள். தம் காரியத்தில் அவளுக்கு இத்தனை அக்கறையா என்று சர்வேயர் நகலுக்குச் சில்லறையும் எடுத்துக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை வக்கீல் அறையில் நாலு பேர் உட்கார்ந்தார்கள். மேஜை நடுவில் மூன்று ஆல்பங்கள். அக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, நோயாளியின் காய்ச்சல் அட்டையைப் படிப்பதுபோலச் சான்றிதழை முன்னும் பின்னும் திருப்பிப் படித்தாள்.

“இருநூத்திப் பன்னெண்டும் சேர்த்து இவ்வளவுதானா தம்பி?”

“அவ்வளவுதாங்க்கா. பழைய செம்புதானே.”

“நல்லாத் தெரியுமா?”

“முத்திரை போட்டிருக்கே.”

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சர்வேயர் மின்விசிறியைப் பார்த்தார். அது மூன்று இறக்கைதானா என்று எண்ணிப் பார்த்தார்.

வக்கீல் உறுதிமொழியை உரக்கப் படித்தார். இதுவே உண்மையான, முழுமையான மதிப்பு. பொய்யென்று தெரியவந்தால் சட்டப்படி தண்டனைக்கு உரியவன். சர்வேயர் அழகாக, சுழியெல்லாம் போட்டுக் கையெழுத்திட்டார்.

“ஆல்பங்களை யார் எடுத்துக்கறீங்க?” என்றார் வக்கீல்.

சர்வேயர் வாயைத் திறந்தார்.

“நான் எடுத்துக்கறேன்,” என்றாள் அக்கா. கைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். “உன் பாதி. எண்ணிக்கோ. சில்லறையும் சரியா இருக்கு.”

திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. பக்கத்தில் மனைவி புடவைத் தலைப்பின் ஓரத்தை மும்முரமாக நீவிக்கொண்டிருந்தாள்.

“இல்லக்கா... எனக்கும்... நானே வச்சுக்கலாம்னு...”

“ரெண்டு பேருக்குமே வேணும்னா வழி இருக்கு சார்,” என்றார் வக்கீல். “நாணய நிபுணரை வரவழைச்சு மறுமதிப்பீடு செய்யலாம். ஆனா தொகை ரொம்பக் கூடிடுச்சுன்னா, இப்போ போட்டீங்களே கையெழுத்து, அதுக்கு வரி அலுவலகத்துல நீங்கதான் பதில் சொல்லணும். வரவழைக்கட்டுமா?”

சர்வேயர் ஆல்பங்களைப் பார்த்தார். தொடக்கூட இல்லை.

“வேண்டாம்,” என்றார்.

அக்கா மூன்றையும் துணிப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். வாசல் வரை போனவள் நின்றாள்.

“போன மாசமே வக்கீல் சார்கிட்ட வந்து விடுதலைப் பத்திரம் டைப் பண்ணச் சொன்னேன்டா. எனக்குப் பங்கு வேண்டாம், எல்லாம் தம்பிக்கேன்னு. கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. புதன்கிழமை உன் சான்றிதழைப் படிச்சேன்.” அவள் குரல் உடைந்தது. “அப்பாவை எடைக்குப் போட்டுட்டியேடா.”

அவள் போய்விட்டாள். வக்கீல் ஒரு தாளை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

தெருவில் சர்வேயரும் மனைவியும் நடந்தார்கள். மருந்துக்கடை, சலவைக்கடை, பூட்டிக்கிடந்த ஒரு வங்கி எல்லாம் தாண்டியாகிவிட்டது. கவர் அவர் கையிலேயே இருந்தது. அவமானத்தில் முகம் காந்தியது.

“நீதான் சொன்னியா?”

“சான்றிதழைப் பத்தி நான் ஒரு வார்த்தை பேசல. நகலைக் குடுத்தேன். அவங்களே படிச்சுக்கிட்டாங்க.”

“என்கூட வாழ்ந்துக்கிட்டு எனக்கே குழி பறிச்சிருக்கே.”

“போற இடத்துல எல்லாம் சர்வேயர் வீட்டம்மான்னு எழுந்து நாற்காலி போடறாங்க. அதுல எனக்கும் பாதிப் பங்கு இருக்கு. அதை விட்டுக்குடுக்க முடியாதுங்க.”

இன்னும் நாலு கடை தாண்டினார்கள். பேருந்து நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவில்லை.

“இனிமே அதையெல்லாம் கண்ணாலயாவது பார்க்க விடுவாளா?”

மனைவி அவர் கையிலிருந்த கவரை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். அவள் குரல் இளகியிருந்தது.

“விடுவாங்க. நேத்தே கேட்டுட்டேன். ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு வரச் சொன்னாங்க. பாக்கெட் இல்லாத சட்டையாப் போட்டுக்கிட்டு.”