பவளத்தாய் சொன்ன உண்மை

ஆம்பூர்ப் புறவழிச்சாலையை ஒட்டிய பழைய கிடங்கு ஒன்றின் வாசலில், ஞாயிற்றுக்கிழமைதோறும் செருப்புகள் மலையாகக் குவிந்தன. உலகத்துக்கே காலணி தைத்து அனுப்பும் ஊர் அது. அவ்வூராரின் சொந்தச் செருப்புகள் வார் அறுந்து வெளியே கிடக்க, செருப்புக்குரியவர்கள் உள்ளே பவளத்தாயின்முன் கைகட்டி நின்றார்கள். வாலாஜாபேட்டையிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். ஏலகிரியிலிருந்து மலையிறங்கி வந்தார்கள். இந்து, முஸ்லிம் என்ற வேற்றுமையே இல்லை. ஏமாறுவதில் நம் மக்கள் என்றைக்கும் ஒற்றுமையைக் கைவிட்டதில்லை.

பவளத்தாய் என்பவள் கண்ணாடித் தொட்டிக்குள் இருந்த ஒரு பாறை. அதன்மேல் படர்ந்திருந்த கடற்பவளம், நீல விளக்கொளியில் பச்சைப் புல்வெளியாக மின்னியது. கேள்வி கேட்டபின் புல்வெளி அப்படியே விரிந்திருந்தால் "ஆம்" என்று பொருள். குட்டிப் பூக்கள் அத்தனையும் சட்டென்று உள்ளே ஒடுங்கி, அடியிலுள்ள ஊதாத் தோல் மட்டும் தெரிந்தால் "இல்லை" என்று பொருள்.

தொட்டியின் அருகே, தரைவரை பட்டுத் துணி தொங்கும் மேசைக்குப் பின்னால் பவளவாக்குப் பரணியார் வீற்றிருப்பார். பெற்றோர் வைத்த பெயர் பரணிதரன். காட்பாடியில் வண்ணமீன் கடை நடத்தி மூடியவர். மீன் வாங்க ஆள் வராவிட்டால் என்ன, வரம் வாங்க வருவார்கள் என்ற வணிக ஞானம் அந்தக் கடையின் கதவைப் பூட்டும்போது அவருக்கு உதித்தது.

அவரைப் பற்றி ஒரு நல்ல சொல்லும் சொல்லியாக வேண்டும். தொட்டியைப் பராமரிப்பதில் அவர் அசல் பகுத்தறிவாளர். இரண்டே மீன்கள், அவற்றுக்குச் சிட்டிகைத் தீனி. சுத்திகரித்த நீரில் கடலுப்புக் கலந்து, வாரந்தோறும் கொஞ்சம் தண்ணீரை மாற்றுவார். தண்ணீரில் சத்து மிகுந்தால் பாசி மண்டும், பவளம் நிறம் செத்துப் பழுப்பாகும் என்பதை அறிந்தவர். ஒரு பவளம் வாடினால் அவர் எந்தத் தாயிடமும் வாக்குக் கேட்க மாட்டார், தண்ணீரைச் சோதிப்பார்.

ஒருமுறை பக்தர் ஒருவர் நன்றிக்கடனாக ஒரு தேக்சா நிறையப் பிரியாணி கொண்டுவந்து, முதல் பிடியைத் தொட்டிக்குள் போடக் கை ஓங்கினார்.

"யோவ்! போடாதய்யா!" என்று பரணியார் அலறினார். பிறகு சுதாரித்துக்கொண்டு, "தாய் விரதம். அவளுக்குப் பதிலா நான் ஏத்துக்குறேன்" என்றார்.

விரதம் தாய்க்கு, பிரியாணி பரணியாருக்கு என்று அன்றே சாத்திரம் வகுக்கப்பட்டது. வாரந்தோறும் மாற்றி எடுத்த அழுக்குத் தண்ணீரும் வீணாகவில்லை. பாட்டிலில் ஏறிப் 'பவளத் தீர்த்தம்' ஆயிற்று. தேர்வு, திருமணம், வெளிநாட்டு வேலை என்று கேட்டவர்களுக்கெல்லாம் தாய் பச்சை காட்டினாள். ஊசி, மருந்து, அறுவைச் சிகிச்சை என்றால் மட்டும் ஊதாவானாள். மருத்துவர் குணமாக்கிவிட்டால் தீர்த்தத்தை யார் வாங்குவது?

இந்தக் கூட்டத்தில்தான் வாஹித் பாஷாவும் ஒருவன். ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவின் மேற்பார்வையாளன். அவன் தாய் சுகரா பேகத்துக்குச் சர்க்கரை நோய்; கால் விரலில் ஆறாத புண். "அந்த ஒரு விரலை எடுத்துடணும். தள்ளிப் போட்டா பாதமே போய்டும்" என்று வேலூரில் மருத்துவர் சொன்னார். நாளெல்லாம் தோல் வெட்டச் சொல்லும் வாய், தாயின் விரலை வெட்டச் சொல்ல நடுங்கியது. பவளத்தாயிடம் போய்க் கேட்டான். ஊதா! நிம்மதியாகத் தீர்த்தம் வாங்கிவந்து புண்ணில் ஊற்றினான். இரண்டு மீன்களின் கழிவு பட்ட புண் கறுக்கத் தொடங்கியது.

சனிக்கிழமை மாலை, அவன் தங்கை லுப்னா புண்ணைப் பிரித்துப் பார்த்துவிட்டு வெடித்தாள்.

"இன்னா பாய்ஜான் இது? டாக்டர் சொன்ன தேதி போய்ட்டுது. இன்னும் அந்தத் தண்ணியவே ஊத்திக்கினு இருக்கீங்க?"

"நீ சும்மா இரு லுப்னா. தாய் வேணாம்னு சொல்ட்டா."

"எந்தத் தாய்? நம்ம தாய் இங்க படுத்துக்கினு இருக்காங்க."

அவனைக் கையைப் பிடித்துத் தன் அறைக்கு இழுத்துப் போனாள். அங்கே அவள் ஆசையாக வளர்க்கும் சிறிய கடல் தொட்டி இருந்தது. அதிலும் சில மீன்கள். அதே சிக்கனத் தீனி. அதே பச்சைப் பவளம். அதற்கு மட்டும் யாரும் கைகட்டி நின்றதில்லை. வீட்டில் இருப்பது எப்படித் தெய்வமாகும்? அவள் ஒரு குச்சியால் பவளத்தைத் தொட்டாள். பச்சை மறைந்து ஊதா தெரிந்தது.

"பாத்தீங்களா? தொட்டா சுருங்கும். வேகமா தண்ணி அடிச்சாலும் சுருங்கும். கொஞ்ச நேரத்துல தானா விரியும்."

"ஆனா அவரு தொடவே இல்லியே. கையைக் கட்டிக்கினுதான் இருக்காரு."

"கை சரி. கால்?"

"காலை யாரும் பாக்கக் கூடாது. பாத்தா கடல் கோவிச்சுக்கும்னு சொல்லிருக்காரு."

"ஊர்ல எல்லா சாமியாரும் முதல்ல காலைத்தான் நீட்டுவான். காலை மறைக்கிற சாமியாரை இப்பத்தான் கேள்விப்படுறேன்."

ஒரு காட்டில், நரியொன்று மின்மினியை வாயில் கவ்விக்கொண்டு, நிலவை விழுங்கிவிட்டதாகப் பல்லிடுக்கில் ஒளி காட்டியதாம். முயல்கள் வரிசையில் நின்று அதை வணங்கினவாம். நிலவு அவற்றின் தலைக்கு மேலேயே காய்ந்துகொண்டிருந்தது. ஒரு முயலாவது நிமிர்ந்து பார்க்க வேண்டுமே! ஆம்பூர் முயல்களுக்கு நிமிரும் சிரமம்கூட இல்லை. குனிந்தால் போதும்.

மறுநாள் காலை, தாயை ஆட்டோவில் படுக்க வைத்துக்கொண்டு அண்ணனும் தங்கையும் கிடங்குக்கு வந்தார்கள். "இங்க ஒரு கேள்வி, அப்புறம் நேரா வேலூர்" என்பது லுப்னாவின் நிபந்தனை.

"ஐயா, போன தடவை கேட்டதையே திரும்பக் கேக்கணும்" என்றாள் அவள், மிகுந்த பணிவோடு. "ஒரே ஒரு வேண்டுதல். நீங்க நாற்காலி மேல சம்மணம் போட்டு உக்காந்து கேக்கணும்."

"ஆமா, மகான்னா அப்டித்தானே உக்காரணும்!" என்று கூட்டம் குதூகலித்தது.

பரணியாரின் முகம் சுருங்கியது. "முட்டி வலிம்மா."

முன்வரிசையிலிருந்து சம்பூர்ணம் எழுந்தாள். ஷூ கம்பெனியில் தையல் வேலை. பரணியாரின் பரம பக்தை. "முட்டி வலிக்குத் தீர்த்தத்தைத் தடவுனா நிமிஷத்துல போய்டும்னு நீங்கதானே சாமி சொன்னீங்க? இந்தாங்க!" தன் பாட்டிலை உண்மையான அக்கறையோடு நீட்டினாள்.

மறுக்க வழியில்லை. கால்கள் மேலேறின.

"எங்க அம்மாவுக்கு ஆபரேஷன் செய்யலாமா?" என்று லுப்னா கேட்டாள். புல்வெளி பச்சையாகவே இருந்தது. கூட்டம் சலசலத்தது.

"தாய் மனசு எறங்கிட்டா" என்றார் பரணியார், கழுத்து வியர்வையைத் துடைத்தபடி.

"ஆபரேஷன் செய்யவே கூடாதா?" மறுபடியும் பச்சை.

"இன்னாடி இது, ரெண்டுக்கும் ஆமாங்குது!" என்றாள் சம்பூர்ணம்.

வாஹித்துக்கு வாசலில் முனகும் தாயின் குரல் கேட்டது. கறுத்த விரல் கண்முன் வந்தது. அவன் மேசையருகே நெருங்கி நின்றான்.

"பவளத்தாயே! இந்த ஆளு எங்களை ஏமாத்துறானா?"

பச்சை. அத்தனை பூக்களும் இதழ் விரித்து, ஆனந்தமாக அசைந்தாடின.

"இல்ல! இல்ல!" என்று பதறிய பரணியாரின் வலக்கால், பழக்க தோஷத்தால் மேசைக்கடியில் பாய்ந்தது. எப்போதும் மெல்ல அழுத்தும் கால் இம்முறை ஓங்கி மிதிக்க, 'டக்' என்றொரு ஓசை. தொட்டிக்குள் குபுகுபுவென நீர் சீற, பாறை ஊதாவாயிற்று.

அவர் வேறு எந்த ஊரில் கடை விரித்திருந்தாலும் அந்த ஓசை யாருக்கும் விளங்கியிருக்காது. ஆனால் அது ஆம்பூர். பாதி வீட்டுக் கால்கள் பகலெல்லாம் எழுப்பும் ஓசை அது.

"டேய், இது மெஷின் பெடல் சத்தம்டா!" என்று சம்பூர்ணம் கத்தினாள்.

வாஹித் பட்டுத் துணியைச் சுருட்டி எறிந்தான். தையல் இயந்திரத்தின் மிதி. அதிலிருந்து ஒரு கம்பி. கம்பியின் முடிவில் பாறையை நோக்கிய சிறு பம்பு. பின்கதவு வழியே ஓடிய மகானைப் போலீசார் மாலைக்குள் பிடித்தார்கள். தன் வாழ்நாளில் பவளத்தாய் சொன்ன ஒரே உண்மையை அவர் அப்போதும் மறுத்தார்.

அதையெல்லாம் பார்க்க வாஹித் நிற்கவில்லை. ஆட்டோ வேலூருக்குப் பறந்தது. ஒரு விரலோடு முடிந்திருக்க வேண்டியது மூன்று விரலாயிற்று. பாதம் மட்டும் தப்பியது. மற்ற இரண்டு விரல்கள் தீர்த்தத்துக்குக் கொடுத்த விலை.

பராமரிக்க ஆளின்றிக் கிடந்த அந்தப் பாறையை லுப்னா வீட்டுக்குக் கொண்டுவந்தாள். தன் தொட்டியில் அதையும் சேர்த்து, அதே சிட்டிகைத் தீனி நோன்பு கெடாமல் வளர்த்தாள். சில வாரங்கள் கழித்து, கதவை யாரோ மெல்லத் தட்டினார்கள். திறந்தால் சம்பூர்ணம். மிதியின் ஓசையைக் கண்டுபிடித்த அதே சம்பூர்ணம், கையில் வாழைப்பழச் சீப்போடு நின்றாள்.

"அவன் திருடன், ஒத்துக்குறேன் பாய். ஆனா அந்தத் தாய் இன்னா பண்ணுச்சு பாவம்? எம் பொண்ணு விஷயமா ஒரே ஒரு கேள்வி..."

வாஹித் அவளை உள்ளே அழைத்து, தொட்டியின் எதிரே உட்கார வைத்தான்.

"தாராளமா கேளுங்கக்கா. ஆனா கேக்கறதுக்கு முன்னாடி, என் கால் எங்க இருக்குன்னு பாத்துக்குங்க."