பாட்டில் சார் காத்துக் கிடந்த ஊருணி

தண்ணீரைப் பார்த்த மாத்திரத்தில் அதற்குச் சளியா, காய்ச்சலா, வெறும் மனக்கஷ்டமா என்று சொல்லிவிடக்கூடிய மனிதர் தமிழ்நாட்டிலேயே ஒருவர்தான். அவர் காரைக்குடியில் எங்கள் அலுவலகத்தில் இருந்தார். ஊருணி, கண்மாய், வாய்க்கால் என்று ஊர் ஊராகப் போய்ப் பரிசோதனைக்குத் தண்ணீர் எடுத்து வருவது அவர் வேலை. தோளில் எந்நேரமும் பாட்டில்கள் கிலுகிலுக்கும் ஒரு பை. பாட்டில் சார் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயரைக் கேட்டே இரண்டு வீட்டுக்காரர்கள் வாடகைக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

எடுத்த தண்ணீர் பாட்டில்களை வைக்கிற ஐஸ் பெட்டியை அவருக்குத் தூக்குகிறவன் நான். பதவியின் பெயர் இதைவிட நீளம், வேலை இதுதான்.

பாட்டில் சார் கரைக்குப் போனவுடன் பாட்டிலை முக்க மாட்டார். படித்துறையில் உட்கார்ந்து அரை மணி நேரம் சும்மா தண்ணீரையே பார்ப்பார்.

"என்ன சார் பாக்குறீக?"

"நானா பாக்குறேன்? அதுதான்யா நம்மளப் பாக்குது. பாத்து முடிக்கட்டும், இரு."

அந்த அரை மணியில் ஒரு மேகம் இந்தக் கரையில் கால் வைத்து அந்தக் கரையில் ஏறிப் போகும். தும்பி ஒன்று தண்ணீருக்கு மேலே நின்றுகொண்டு எதையோ யோசிக்கும். வீட்டில் தக்காளி வாங்கிவரச் சொன்னது எனக்கு மறந்துபோகும். அமராவதிபுதூர்ப் பக்கம் ஒருநாள் மீன்கொத்தி ஒன்று அவர் தொப்பியில் உட்கார்ந்து, இரண்டு மீன் பிடித்துவிட்டுப் போனது. எனக்கும் ஆசை வந்து அசையாமல் உட்கார்ந்து பார்த்தேன். எறும்புதான் வந்தது.

அரசாங்கம் ஒரு நீர்நிலையைச் சீர்செய்ய வேண்டுமென்றால், அது கெட்டுப்போயிருக்கிறது என்று முதலில் தாளில் தெரியவேண்டும். தண்ணீர் எடுத்து, பரிசோதித்து, மிக மோசமானதை மேலே போட்டு ஒரு பட்டியல் தயாராகும். பட்டியலில் வந்தால் சாக்கடையைத் திருப்புவார்கள், தூர் வாருவார்கள். வராவிட்டால் அடுத்த பட்டியல் வரை மூக்கைப் பொத்திக்கொண்டு இருக்கவேண்டியதுதான்.

மானகிரிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். தெருச் சாக்கடை முழுக்க ஊருணியில் விழுந்து, குடித்த தண்ணீர் கால் வைத்தாலே அரிக்கிற தண்ணீராகிவிட்டது. ஊர் கேன் தண்ணீருக்கு மாறியிருந்தது. ஊராட்சித் தலைவி முத்துலட்சுமி மூன்று வருடமாக மனு கொடுத்து, கடைசியில் பரிசோதனைக்கு எங்களை வரவழைத்தார். நாங்கள் போகிற வாரத்து வெள்ளிக்கிழமைக்குள் எடுத்தால் இந்தப் பட்டியல், இல்லாவிட்டால் அடுத்ததுதான்.

இங்கேதான் நான் என் புத்தியைக் காட்டினேன். மதியச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு இருக்கட்டுமே என்று, பத்து நாள் முன்பே போன் போட்டு, "திங்கக்கிழமை வர்றோம்" என்று சொல்லி வைத்தேன்.

செட்டிநாட்டுப் பக்கம் விருந்தாளி வருகிறார் என்று சொன்னால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை போய் இறங்கினால், ஊருணியில் ஒரு இலை இல்லை. ஆகாயத் தாமரையை ஊரே இறங்கி வாரியிருந்தது. சாக்கடை வாயில் மணல் மூட்டை. போர் தண்ணீரை இரவு பகலாக உள்ளே விட்டிருந்தார்கள். படித்துறையில் மாக்கோலம், இரண்டு பக்கமும் வாழைமரம்.

"வாங்க சார். அதிகாரிக வார நேரத்துல நாத்தமடிச்சா ஊருக்கு என்ன மரியாதைன்னு, கொஞ்சம் ஒதுங்க வச்சோம்" என்றார் முத்துலட்சுமி, பெருமையாக.

பாட்டில் சார் உட்கார்ந்தார். பார்த்தார்.

"ஏம்மா, காய்ச்சக்காரப் பிள்ளையக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, ஊசி போடுற எடத்துக்குக் கூட்டியாந்திருக்கீக. இதை நான் எடுத்துட்டுப் போனா, நல்ல தண்ணின்னு எழுதிருவாக. அப்புறம் பட்டியல்ல எங்கிட்டு வரும்?"

முத்துலட்சுமியின் முகம் சுருங்கிவிட்டது. "இப்ப என்ன சார் செய்யிறது? சனங்ககிட்டச் சொல்லிட்டேனே."

கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் சாணி வாளியோடு வந்தார். "இதுக்குப் போயி விசனப்படுறீகளா? ரெண்டு வாளி கலக்கிவிட்டா சரியாப் போச்சு."

"வாளியக் கீழ வைங்க. தண்ணியப் பொய் சொல்லச் சொல்லாதீக" என்றார் பாட்டில் சார். "மூட்டைய எடுங்க. போர் தண்ணிய நிப்பாட்டுங்க. ஒண்ணும் போடவேணாம், ஒண்ணும் எடுக்கவேணாம். எப்பவும் போல இருங்க. அது பழைய நெலைக்கு வார வரைக்கும் நான் இங்கயே இருக்கேன்."

இருந்தார். ஊராட்சிச் சேவை மையக் கட்டடத்தில் தங்கிக்கொண்டு, விடிந்தால் படித்துறையில் உட்கார்ந்துவிடுவார். நான் காலை பஸ்ஸில் போய் மாலையில் திரும்புவேன். செவ்வாய்க்கிழமை தண்ணீர் கலங்கியது. புதன்கிழமை ஓரத்தில் நுரை கட்டியது. வியாழக்கிழமை வெயிலில் பச்சையும் கறுப்புமாக ஏதோ மெல்லச் சுழன்று கிடந்தது. அந்த அழுக்கிலும் ஒரு கொக்கின் நிழல் நடந்து போனதைப் பார்த்தபடியே நானும் அவரும் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தோம். முத்துலட்சுமி மட்டும் மணிக்கொரு தரம் வந்து, "கெட்டுருச்சா சார்?" என்று கவலையோடு கேட்டுவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை அவர் எழுந்தார். "இப்பத்தான் உண்மைய ஒத்துக்கிருச்சு."

அவர் பாட்டிலோடு இறங்க, நான் பெட்டியோடு வழுக்கி விழுந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். அந்த ஊருணியின் முதல் பரிசோதனை என் வயிற்றில்தான் நடந்தது. முடிவு அரை மணியில் தெரிந்தது. ஆய்வுக்கூடம் சொன்ன முடிவும் அதேதான்.

பட்டியல் வந்தது. மாவட்டத்தின் மோசமான நீர்நிலைகளில் இரண்டாவது இடம். அழுக்கு என்று அரசாங்கம் சொன்னதற்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்த ஊரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. முதலிடம் கைநழுவியதில் சாணி வாளிப் பெரியவருக்கு மட்டும் வருத்தம். அதே வாரம், ஒரே ஊரில் ஐந்து நாள் என்ன செய்தீர் என்று பாட்டில் சாருக்கு மெமோ வந்தது. "காத்திருந்தேன்" என்று ஒரே வார்த்தையில் பதில் எழுதினார். வடக்கே தூரத்து மாவட்டம் ஒன்றுக்கு மாற்றிவிட்டார்கள்.

சாக்கடையைத் திருப்பி, தூர் வாரி, கரை கட்டி முடிக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. பிறகு மழை. ஊருணி நிறைந்து தண்ணீர் தெளிந்ததும், யாருக்கும் சொல்லாமல் போய்ப் பார்த்தேன். படியில் நின்று அவருக்குப் போன் போட்டேன்.

"ரொம்பிருச்சு சார். அடியில கிடக்குற கல்லு தெரியுது."

"ஏய்யா, போனக் கொஞ்சம் தண்ணிக்கிட்டக் கொண்டு போயேன்."

தொப்பையை மடக்கி, கடைசிப் படியில் குத்துக்கால் வைத்து, போனை நீட்டினேன். காற்றுக்குத் தண்ணீர் படியைத் தொட்டுத் தொட்டுப் போனது. எங்கோ ஒரு தவளை. அவர் போனை வைக்கவே இல்லை. கை வலித்தபோது மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.