மாடியில் குடியிருக்கும் தலைமை ஆசிரியர்

பெருமதிப்பிற்குரிய பத்திரிகை ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு அப்பா, அம்மா, சித்தி, நான் அனைவரும் நலம். தங்கள் நலத்தையும், தங்கள் நகைச்சுவை வார இதழின் கடைசிப் பக்கத்தில் மனைவியிடம் கரண்டியால் அடி வாங்கும் கணவரின் நலத்தையும் அறிய ஆவல். நூலகத்தில் ஐந்து வருட இதழ்களைப் புரட்டிப் பார்த்தேன். அவர் இருநூற்றுப் பன்னிரண்டு முறை அடி வாங்கியிருக்கிறார். வீக்கம் நூற்றுப் பத்தொன்பது முறை இடது பக்கம், தொண்ணூற்று மூன்று முறை வலது பக்கம். இவ்வளவு புதுமையாக யோசிக்க உங்கள் மூத்த ஓவியர் எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பார் என்று நினைத்து வியந்தேன்.

நான் யாரென்றால், அதே இதழின் பதினான்காம் பக்கத்தில் தீப்பெட்டி அளவு இடத்தில் பதினோரு வருடமாகக் கார்ட்டூன் போட்டு வந்த பெண்ணின் அக்கா மகள். ‘வந்த’ என்று எழுதும்படி ஆனதற்குக் காரணம் நான். அதை ஒப்புக்கொண்டு, சித்தியின் தீப்பெட்டியைத் திருப்பித் தரும்படி கேட்கவே இந்தக் கடிதம்.

சென்ற விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை சித்தி என்னை உங்கள் அலுவலகத்துக்கு அழைத்து வந்தாள். பழைய இதழ்க் கட்டின் மேல் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தது நான்தான். நீங்கள் என்னைக் கவனிக்காமல் என் புத்தகத்தின் மேல் டீ டம்ளரை வைத்தீர்கள். நாற்பத்தோராம் பக்கத்தில் அந்த வட்டம் இன்னும் இருக்கிறது. அன்றுதான் உங்கள் சிரிப்புக் கூட்டத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு படமாக மேசையில் வைப்பார்கள், முதலில் நீங்கள் சிரிக்க வேண்டும், பிறகு துணை ஆசிரியர், அவருக்குப் பிறகு பக்கம் அமைப்பவர், யாருக்காவது முன்னாலேயே சிரிப்பு வந்துவிட்டால் அதை இருமலாக மாற்றிக்கொள்கிறார்கள். சித்தியின் படத்தில் ஒரு லிஃப்ட் பாதி வழியில் நிற்கிறது. உள்ளே ஐந்து ஆண்கள் கமிட்டி அமைத்து விவாதிக்கிறார்கள். பொத்தானை அழுத்தக் கை நீட்டும் பெண்ணிடம் ஒருவர், “கொஞ்சம் இருங்கம்மா, தீர்மானம் போட்டுட்டு இருக்கோம்” என்கிறார்.

“இதுல ஜோக் எங்கம்மா?” என்றீர்கள்.

“லிஃப்ட்டுக்குள்ள இருக்கு சார்.”

“லிஃப்ட் தெரியுது. சிரிப்பு எங்க?”

“அந்தப் பொண்ணு மூக்கைப் பெருசாப் போட்டா சிரிப்பு வந்துடும் சார்” என்றார் பக்கம் அமைப்பவர்.

துணை ஆசிரியர் இன்னும் பெரிய மனது உள்ளவர். சித்தி போட்ட ஜோக்கைச் சித்திக்கே விளக்கினார். “அதாவதும்மா, பட்டனை அமுக்கினா லிஃப்ட் போயிடும். அது இவங்களுக்குத் தோணல. அதான் உங்க ஜோக்கு.”

“அப்படியா சார், ரொம்ப நன்றி” என்றாள் சித்தி. பதினோரு வருட வெள்ளிக்கிழமைகளில் அந்த நன்றிக்கென்றே தனியாக ஒரு குரல் வைத்திருக்கிறாள். பிறகு நீங்கள் சொன்னீர்கள்: “உனக்கு வாசகர் கடிதம் ஒண்ணுகூட வர்றதில்லையேம்மா. வாசகர்தானே நமக்கு எஜமான். மூணு மாசம் பாப்போம். அப்பவும் வரலைன்னா அந்த இடத்துல வேற ஏதாவது போட்டுக்கலாம்.”

வீட்டில் சித்தி படம் போடுவது துணி தேய்க்கும் பலகையில். என் பரீட்சைக்காக அவளுடைய மேசை எனக்கு வந்துவிட்டது. அம்மா சூடான இஸ்திரிப் பெட்டியோடு நின்றுகொண்டு, “ஏண்டி, அந்த ஆளு சட்டைக்கு இன்னும் எத்தனை பட்டன் போடப்போறே, என் புடவை காத்துட்டு இருக்கு” என்பாள். வருகிற சொந்தக்காரர்கள், “படம் போடுறதெல்லாம் சரி, வேலைக்கு எங்க போறே?” என்று கேட்பார்கள். இத்தனைக்கும் நடுவில் அவளுக்கென்று இருந்தது அந்தத் தீப்பெட்டி ஒன்றுதான். அதனால் எஜமானர்கள் வராவிட்டால் நாமே அனுப்பிவைப்போம் என்று முடிவு செய்தேன்.

மூன்று மாதத்தில் இருபத்து மூன்று பேராக எழுதினேன். பல் மருத்துவர், தையல்காரர், வங்கி ஊழியர், இரட்டைப் பிள்ளைகளின் தாய், பேருந்து ஓட்டுநர் என்று ஆளுக்கொரு பேனா, ஆளுக்கொரு கையெழுத்து. எல்லாரும் பதினான்காம் பக்கத்தைப் பாராட்டினார்கள். அப்போதுதான் எங்கள் தமிழ் டீச்சர், “ஒரு பக்கமே பேசினா யாரும் நம்ப மாட்டாங்க. கட்டுரைன்னா எதிர்க்கருத்தும் இருக்கணும்” என்றார். நான் டீச்சர் சொன்னால் கேட்பவள். ஆகவே இருபத்து நான்காவதாக ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவரை உருவாக்கினேன். வேறு கையெழுத்து மிச்சமில்லாததால் அவருக்கு என் சொந்தக் கையெழுத்தையே கொடுத்தேன். அவர் எழுதியது: ‘பெண்களுக்கு நகைச்சுவை வராது என்பது என் நாற்பதாண்டு அனுபவம். என்னுடைய எந்த ஜோக்குக்கும் என் மனைவி ஒருமுறைகூடச் சிரித்ததில்லை.’ இதைப் படிக்கிற யாருக்கும் அவரைப் பார்த்துத்தான் சிரிப்பு வரும் என்று நினைத்தேன். உங்களை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இருபத்து மூன்று பேரும் குப்பைக் கூடைக்குப் போனார்கள். தலைமை ஆசிரியர் மட்டும் ‘இந்த வார முத்தான கடிதம்’ ஆனார். அதுவும் எங்கே? பதினான்காம் பக்கத்தில், சித்தியின் தீப்பெட்டிக்குள். சித்தியைச் சமையல் குறிப்புகளுக்கு ஓரப் படம் போடச் சொல்லிவிட்டீர்கள். இப்போது அவளும் கரண்டி வரைகிறாள். பதவி உயர்வு என்றே சொல்ல வேண்டும்.

அன்று சித்தி அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தாள். “யாருடி இந்த ஆளு, என்னைவிட நல்லா எழுதுறாரு” என்றாள். பிறகு குளியலறைக்குப் போனாள். குழாய் ரொம்ப நேரம் ஓடியது. முகம் கழுவியதாகச் சொன்னாள், சோப்பு வாசனை வரவில்லை.

முத்தான கடிதத்துக்குப் பரிசாக நீங்கள் அனுப்பிய சுவர்க் கடிகாரம் கிடைத்தது. தலைமை ஆசிரியருக்கு எங்கள் வீட்டு முகவரியையே கொடுத்து, ‘மாடி’ என்று மட்டும் சேர்த்திருந்தேன். அதே முகவரிக்குப் பதினோரு வருடமாகச் சித்திக்கு இதழ் அனுப்பும் உங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. தபால்காரருக்குத்தான் தோன்றியது. “உங்க வீட்டுக்கு ஏதும்மா மாடி? மேல தண்ணித் தொட்டிதானே இருக்கு” என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே கொடுத்தார். அதை என் புத்தக அலமாரிக்குள் அகராதிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அது மணிக்கொரு முறை பாட்டுப் பாடும் கடிகாரம் என்று நீங்கள் பெட்டியின் மேல் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

“உன் அகராதி பாடுதே” என்று சித்தி கதவைத் திறந்தாள். கடிகாரத்தையும், அதில் ஒட்டியிருந்த தலைமை ஆசிரியர் முகவரியையும், என்னையும் பார்த்தாள்.

“அந்த ஆளு நீதானா?”

“ஆமா சித்தி.”

“அப்போ மத்த கடிதமெல்லாம்?”

“அதுவும்தான்.”

“அந்த பஸ் டிரைவருமா?”

பக்கம் அமைப்பவர் கூடையிலிருந்து ஓட்டுநரின் கடிதத்தை மட்டும் எடுத்து அவளிடம் கொடுத்திருக்கிறார். அவள் அதை மடித்து பிரஷ் டப்பாவுக்குள் வைத்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. “அவரு நல்ல மனுஷன்னு நினைச்சுட்டு இருந்தேன்” என்று சொல்லிவிட்டுத் தேய்க்கும் பலகையில் சாய்ந்து நின்றாள். எனக்கு அழுகை வந்தது. அவள் என் தலையில் குட்டி, “நடந்ததை நடந்தபடி எழுது. கடிகாரத்தையும் திருப்பி அனுப்பு” என்றாள்.

ஆகவே ஐயா, எழுதிவிட்டேன். தலைமை ஆசிரியர் என்று யாரும் இல்லை. அவர் பேச்சைக் கேட்டு எடுத்த முடிவை மாற்றிக்கொண்டு, சித்தியின் இடத்தை அவளுக்கே தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கடிகாரத்தைத் தனிப் பார்சலில் அனுப்புகிறேன்; வழியெல்லாம் பாடிக்கொண்டு வரும், பயப்பட வேண்டாம். அலுவலகத்தில் உள்ள பெரியவர்களுக்கு என் வணக்கமும், இருமலாக மாறிய சிரிப்புகளுக்கு என் அனுதாபமும். தாங்கள் யாருக்கும் முன்பாகச் சிரிக்க வேண்டிய சிரமமில்லாமல் நீண்ட காலம் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள,
பதினான்காம் பக்கத்தின் அக்கா மகள்

பின்குறிப்பு: மேலே உள்ளதை உறையில் போடும்போது தபால்காரர் மறுபடியும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தார். தலைமை ஆசிரியருக்கு உங்கள் கடிதம். இனி வாரந்தோறும் முழுப் பக்கத்துக்கு அவர் எழுத வேண்டும், ‘தலைமை ஆசிரியர் பேசுகிறார்’ என்ற அறிவிப்பு இந்த வார அட்டையிலேயே அச்சாகிவிட்டது, ‘தங்களைப் போன்ற நகைச்சுவையாளரைத்தான் இத்தனை நாள் தேடினோம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். சித்தியிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தாள். இந்த முறை குளியலறைக்குப் போகவில்லை. அம்மாவின் புடவையைப் பலகையிலிருந்து எடுத்து நாற்காலியில் போட்டுவிட்டு பென்சில் சீவினாள். தலைமை ஆசிரியர் சம்மதிக்கிறார். ஒரே நிபந்தனை: பக்கத்துக்குப் பாதி படம், அதைப் பதினான்காம் பக்கத்துப் பெண்தான் போட வேண்டும், படத்தில் அவள் பெயர் அவர் பெயர் அளவுக்கே இருக்க வேண்டும். சம்மதமில்லையென்றால் அட்டையில் போட்ட ஆள் எங்கே என்று உங்கள் எஜமானர்களுக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ளலாம். முதல் கட்டுரையும் படமும் இத்துடன் உள்ளன. உங்கள் அலுவலக ஆலோசனைப்படி அவருக்கு மூக்கைப் பெரிதாகவே போட்டிருக்கிறாள். கடிகாரம் அவருக்குப் பிடித்துப்போனதால் அனுப்பவில்லை. வயதானவர், தொட்டியை விட்டு இறங்குவதில்லை, நேரில் வரமாட்டார். கட்டுரை அவருடையதுதானா என்று சந்தேகம் வந்தால் கையெழுத்தைப் பார்த்துக்கொள்ளவும். அச்சு அசலாக இந்தக் கடிதத்தில் உள்ளது போலவே இருக்கும்.