பெண் பார்க்கப் போய்ப் போர் போட்ட கதை

சும்மா உட்காரத் தெரியாதவன் பெண் பார்க்கப் போகவே கூடாது. பயம் வந்தால் சிலருக்கு வயிறு கலங்கும், சிலருக்கு உள்ளங்கை வேர்க்கும். எனக்குக் கால் ஆடும். காலைப் பிடித்து நிறுத்தினால் கை ஆரம்பிக்கும். கையையும் கட்டிப்போட்டால் எழுந்து எங்காவது போய் மண்ணைத் தோண்டத் தொடங்கிவிடுவேன். (என் தொழிலே அதுதான் என்பதால் இதுவரை யாரும் வைத்தியம் பார்க்கவில்லை.)

தொழிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காட்டில் விழும் இலையும் சருகும் செத்த வேரும் மக்கும்போது, அதிலிருக்கும் கரிமத்தில் ஒரு பங்கு காற்றுக்குப் போகிறது, ஒரு பங்கு மண்ணிலேயே தங்குகிறது. எவ்வளவு தங்குகிறது, எத்தனை காலம் தங்குகிறது என்று கொல்லிமலையிலும் ஏற்காட்டுச் சரிவுகளிலும் அலைந்து அளப்பது என் வேலை. அதுவும் மேல்மண்ணில், முப்பது சென்டிமீட்டர் வரைக்கும்தான். அதற்குக் கீழே என்ன நடக்கிறது என்பதில் எனக்கும் உங்களுக்கும் ஏறக்குறைய ஒரே அறிவுதான்.

அஸ்தம்பட்டியில் இருக்கும் எங்கள் வீட்டில் இது யாருக்கும் பிடிபடவில்லை. சொந்தத்தில் ஒருவர் லாரி, ஒருவர் கோழிப்பண்ணை, ஒருவர் நூல் மில். "பையன் என்னுங்க பண்றாரு?" என்று யாராவது கேட்டால் அம்மா, "சயின்டிஸ்ட்டுங்க" என்பார். கேட்டவர் முகம் மலரும். "ராக்கெட்டுங்களா?" "இல்லீங்க, மண்ணு." மலர்ந்த முகம் அப்படியே வாடும். பல ஜாதகங்கள் இந்த இடத்தில்தான் வந்த வழியே திரும்பிப் போயின.

திருச்செங்கோட்டுப் பக்கமிருந்து வந்த ஒன்று மட்டும் திரும்பவில்லை. "மண்ணுங்களா? ரொம்ப நல்லதாப் போச்சு. கையோட கூட்டிட்டு வாங்க" என்றாராம் பெண்ணின் அப்பா ராசப்பன். அவர் ரிக் வண்டி வைத்துப் போர் போடுகிறவர். மண் என்றதும் மகிழ்ந்த முதல் மனிதர் என்பதால், ஏன் மகிழ்ந்தார் என்று அம்மா ஆராயவில்லை. நானும் ஆராயவில்லை. (இத்தனைக்கும் ஆராய்ச்சியாளன்.)

காலையிலேயே போய்விட்டோம். வீட்டு முன்னால் பெரிய ரிக் வண்டி நின்றது. வடக்கே போயிருந்த வண்டியாம், பழுது பார்க்க ஊருக்கு வந்து, வேலை முடிந்திருந்தது. அதன் பக்கத்தில் தண்ணீர் டேங்கர் ஒன்று, வீட்டுத் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தது. ஊரெல்லாம் போர் போடுகிறவர் வீட்டில் எதற்கு டேங்கர் என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். ஆனால் உள்ளே தட்டில் சந்தகையும் கச்சாயமும் வைத்துவிட்டார்கள்.

நித்யா வந்தாள். பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். இளம்பிள்ளைப் பட்டுச்சேலை, கழுத்தை ஒட்டி ஒரு சின்னச் சங்கிலி, "இவன் என்ன இப்படி ஆடுகிறான்" என்று என் காலைப் பார்த்த ஒரு பார்வை. எனக்கு அவளை அந்த நொடியே பிடித்துவிட்டது. பிடித்ததும் பயம் வந்தது. பயம் வந்ததும் கால் இன்னும் வேகமாக ஆடி, டீப்பாயைத் தட்டி, ராசப்பன் வேட்டியில் காபி கொட்டியது.

"காலை ஆட்டாத சாமி" என்று அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு என் தொடையைக் கிள்ளினார்.

"கார்ல போன வச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே வந்தேன். போன் சட்டைப்பையில்தான் இருந்தது.

காரைச் சுற்றி நடந்தேன். வீட்டைச் சுற்றி நடந்தேன். அப்படி நடந்தபோதுதான் கொல்லைப்புறத்தில், எங்கள் பேச்சில் பொடக்காளியில், அந்த வேப்பமரத்தைப் பார்த்தேன். அடியில் பல வருடமாக யாரும் பெருக்காத சருகு. ஓரத்தைக் காலால் தள்ளினால், அந்தச் செம்மண் பூமியில் கறுகறுவென்று மண்! மலையில் ஏறித் தேடுகிற சங்கதி இங்கே வீட்டுக்குப் பின்னால் கிடக்கிறது. அதற்கு மேல் நான் என் கட்டுப்பாட்டில் இல்லை. கார் டிக்கியிலிருந்து மண் எடுக்கும் இரும்புத் திருகியைக் கொண்டுவந்தேன். பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முறுக்கி இறக்கினேன். வந்த மண்ணில் பாட்டில் தண்ணீர் விட்டுப் பிசைந்து, விரலால் திரித்து, மூக்கருகே வைத்துக் கண்ணை மூடி முகர்ந்தேன். (நல்ல மண்ணுக்கு மழை வாசம் இருக்கும். எங்கள் தொழிலில் இது அசிங்கமில்லை.)

கண்ணைத் திறந்தால், இரண்டு வீட்டு ஆட்களும் வரிசையாக நிற்கிறார்கள். ராசப்பன் கும்பிட்டபடி நின்றார்.

"பாயிண்டு இங்கதானுங்களா மாப்ள?"

"எந்த பாயிண்டுங்க மாமா?"

"தண்ணிங்க. இந்த ஊட்டுல போட்ட போரு அத்தனையும் பொக, ஒரு சொட்டுத் தண்ணி வரல. ஊருக்கே தண்ணி எடுத்துக் குடுத்தவன் டேங்கர் வாங்கிக் குடிக்கறேன். வெளிய தல காட்ட முடியலீங்க."

"ஐயோ, எனக்குத் தண்ணியப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க!"

ராசப்பன் கண்கள் கலங்கின. உறவினர்கள் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா? இதுக்கு முன்னால பாயிண்டு பாக்க வந்தவங்க அத்தன பேரும் தெரியும் தெரியும்னு சொன்னானுங்க. தெரியாதுன்னு சொல்ற மொத ஆளு இவருதான். இவருக்குத்தான் தெரியும்!"

மறுக்க மறுக்க என் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. "தன்னடக்கம்" என்றார் ஒரு பெரியவர். அம்மாவைப் பார்த்தேன். என் தொழிலுக்காக ஒருவர் கும்பிட்டதை வாழ்க்கையில் முதன்முறையாகப் பார்த்த பூரிப்பில் அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நல்ல நாள், வண்டி வாசலில், ஆட்கள் கையருகில். நான் திருகியை உருவிய ஓட்டையில் மஞ்சள் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் அறுத்து, சூடம் காட்டிவிட்டார்கள். ரிக் வண்டி மதில் ஓரமாகத் திரும்பிப் பொடக்காளிக்கு வந்தது.

அதன் பிறகு நான் ஓரிடத்தில் நிற்கவில்லை. மரத்துக்கும் வண்டிக்கும் நடந்தேன். வண்டிக்கும் வாசலுக்கும் நடந்தேன். காரில் ஏறி ஓடிவிடலாமா என்றுகூட யோசித்தேன், ஆனால் வாசலில் டேங்கர் வழியை மறித்து நின்றது. தண்ணீர் வராவிட்டால் இந்தச் சம்பந்தம் போச்சு. தண்ணீர் வந்தாலோ இன்னும் மோசம், வாழ்நாள் முழுக்க ஊர் ஊராகப் பாயிண்ட் பார்க்கக் கூப்பிடுவார்கள்.

நித்யா என் பக்கத்தில் வந்து நின்றாள். கம்ப்ரசர் போட்ட சத்தத்தில் அவள் கத்தித்தான் கேட்டாள்.

"நெசமாவே தெரியுமுங்களா?"

"தெரியாதுங்க!"

"அப்புறம் எதுக்கு அங்க போய்த் தோண்டுனீங்க?"

"பயமா இருந்துச்சுங்க!"

"என்னது? கேக்கலீங்க!"

நான் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, உடம்பில் இருந்த அவ்வளவு பலத்தையும் சேர்த்துக் கத்தினேன்.

"தண்ணி வராதுங்க! ஆனா எனக்கு உங்கள ரொம்பப் புடிச்சிருக்கு!"

சரியாக அந்த நேரத்தில்தான் அடுத்த ராடு மாட்டுவதற்காகச் சத்தத்தை அடக்கினார்கள். என் குரல் மட்டும் பொடக்காளி முழுக்கக் கேட்டது. பக்கத்து வீட்டு மதிலுக்கு மேல் இரண்டு தலைகள் எழும்பின. டேங்கர் டிரைவர் இறங்கியே வந்துவிட்டார். அந்த ஓட்டை கொஞ்சம் அகலமாக இருந்திருந்தால் நான் உள்ளே குதித்திருப்பேன்.

ராசப்பன் என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், ஓட்டையைப் பார்த்தார். "மொதல்ல தண்ணியப் பாப்போம்" என்று சொல்லி வண்டியை ஓட்டச் சொன்னார்.

தண்ணீர் வரவில்லை. புகைதான் வந்தது. பாறைத்தூள் வெள்ளைப் புகையாகக் கிளம்பி வீட்டுக்குள் நுழைந்தது. கச்சாயம் வெள்ளை, காபி டம்ளர் வெள்ளை, மாட்டியிருந்த தோரணம் வெள்ளை. நான், என் அம்மா, அவள் அம்மா, இரண்டு பக்கத்து உறவு என்று எல்லோரும் மூட்டை திருநீற்றைக் கவிழ்த்துக்கொண்ட மாதிரி நின்றோம். ஆயிரம் அடி தாண்டியும் ஈரம் காட்டவில்லை. பொழுது சாய, ராசப்பன் கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லிவிட்டு வண்டிப் படியில் உட்கார்ந்தார்.

"வா சாமி, போலாம்" என்று அம்மா பையை எடுத்தார். குரல் உடைந்திருந்தது. வெட்கத்தைவிட, அவளை இனிமேல் பார்க்க முடியாதே என்ற துக்கம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

"ஒரு நிமிஷமுங்க" என்றாள் நித்யா. புருவம் வரைக்கும் வெள்ளை. "காலைல எடுத்தீங்களே, அந்த மண்ணு எங்கீங்க? அதுல என்ன இருக்குது?"

என்னிடம் இதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. சட்டைப்பையில் வைத்திருந்த மண் பொட்டலத்தை எடுத்தேன். சருகு எப்படி மண்ணாகிறது, கறுப்பு ஏன் வருகிறது, பெருக்கித் தள்ளினால் என்ன போகும் என்று சொல்ல ஆரம்பித்தேன். அவள் மண்ணை வாங்கி முகர்ந்து பார்த்தாள். "லேப்ல எரிச்சுப் பாப்பீங்களா?" என்று கேட்டாள். நான் சொல்லிக்கொண்டே போனேன். எவ்வளவு நேரம் பேசினேனோ தெரியாது. "உன்ற காலு ஆடவே இல்ல சாமி" என்று அம்மா பிறகு காரில் சொன்னார்.

ராசப்பன் எழுந்து வந்தார். "ஏம்மா, உனக்குப் புடிச்சிருக்குதா?" என்று மகளைக் கேட்டார்.

"ஆமாங்கப்பா. வராதுன்னு சொன்னாரு, வரல. சொன்னது சரியாத்தானே இருக்குது" என்றாள்.

எங்களுக்குக் கல்யாணம் ஆகி, இப்போது மகள் பள்ளிக்கூடம் போகிறாள். வீட்டில் நான் எதைப் பற்றியாவது அடித்துப் பேசினால், "முப்பது சென்டிமீட்டரோட நிறுத்திக்குங்க" என்கிறாள் நித்யா. மாமனார் வீட்டு வேப்பமரத்தடியை இப்போதும் யாரும் பெருக்குவதில்லை, அது அவர் உத்தரவு. பக்கத்தில் அந்தப் போர், மேலே ஒரு இரும்பு மூடியோடு இருக்கிறது. டேங்கரும் வந்துகொண்டுதான் இருக்கிறது. போன மாதம் புதிதாக வந்த டிரைவர் ஒருவர் மூடியைக் காட்டி, "இதுல ஒண்ணும் வரலீங்களா?" என்று கேட்டார்.

"ஏன் வராம?" என்று என் பக்கம் கையைக் காட்டினார் மாமனார். "மாப்ள வந்தாரு."